கூரையில் ஏறாமலே கூரையை அளக்கலாமா?

கேள்வி: பழைய ஓட்டுக் கூரையைப் பிரித்துப் புது ஓடு போடப்போகிறோம். வந்த மேஸ்திரி ஏணியில்கூடக் கால் வைக்கவில்லை. கீழேயே டேப் பிடித்துவிட்டு ‘இத்தனை ஓடு வேண்டும்’ என்கிறார். சரிந்த கூரையைத் தரையில் அளக்க முடியுமா? இதைக் கண்டுபிடித்தது யார்? (தக்கலை வாசகர்)

பதில்: தாராளமாக முடியும். ஏறி அளந்தால் காலடியில் உடைகிற ஓட்டுக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டிவரும்!

கண்டுபிடித்தவர் இன்னார் என்று சொல்வதற்கில்லை. பிதாகரஸ் பெயரில் பள்ளியில் படித்தோமே, அந்தச் செங்கோண முக்கோணம்தான். ஆனால் அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பாபிலோனியர்கள் அதை அறிந்திருந்தார்கள். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அவர்களுடைய களிமண் பலகை ஒன்றில் இப்படி ஒரு கணக்கு: சுவரோடு ஒட்டி நிமிர்த்திய மரத்தின் நீளம் 30. அதன் மேல்நுனி 6 சறுக்கினால் அடிநுனி சுவரைவிட்டு எவ்வளவு நகரும்? விடை 18. அந்தச் சாய்ந்த மரத்தைக் கைமரம் என்று வைத்துக்கொண்டால், அதுதான் உங்கள் வீட்டுக் கூரை. நம் நாட்டில் பௌதாயனரின் சுல்ப சூத்திரமும் வேள்விமேடை அமைக்க இதே விதியைச் சொல்கிறது.

மேஸ்திரி பார்ப்பது ஒன்றைத்தான். கிடையாக 12 அங்குலம் போனால் கூரை எத்தனை அங்குலம் ஏறுகிறது? ரசமட்டத்தைக் கைமரத்தோடு சேர்த்துப் பிடித்தால் தெரிந்துவிடும். 9 ஏறினால் சரிவின் நீளம் 15. ஆகவே தரைப் பரப்பை 1.25ஆல் பெருக்க வேண்டும். 6 ஏறினால் 1.12ஆல்.

இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. சாய்வு ஒரே அளவாக இருந்தால், இருபுறம் சரிந்த கூரைக்கும் நாற்புறம் சரிந்த கூரைக்கும் பரப்பு ஒன்றே. முக்கோணம், சரிவகம் என்று பிரித்துத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வெட்டி வீணாகும் ஓடு நாற்புறச் சரிவில் கூடும் என்பது தனிக் கணக்கு.

பரப்பிலிருந்து ஓட்டின் எண்ணிக்கையைத் துல்லியமாகச் சொல்வது பிற்பாடு வந்தது. கையால் வனைந்து அடுக்கடுக்காகப் பரப்பும் நாட்டு ஓட்டில் அது கண்மதிப்புதான். 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் தொழிற்சாலை தொடங்கி, ஒன்றோடொன்று கவ்வும் ஒரே அளவு ஓடுகளை அச்சில் அழுத்தித் தந்த பிறகே கணக்கு கைக்கு வந்தது. இன்று 100 சதுர அடிக்கு, ஓட்டின் அளவைப் பொறுத்து, சுமார் 130 முதல் 150 ஓடு பிடிக்கும். முகட்டு ஓடு தனி.

மேஸ்திரியிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: டேப்பைச் சுவரோடு நிறுத்தினாரா, இறவாரம் வரை கொண்டுபோனாரா? 30க்கு 20 அடி வீட்டில் நாற்புறமும் 2 அடி இறவாரம் இருந்தால், 9 அங்குல ஏற்றத்துக்குக் கூரை 1,020 சதுர அடி. சுவரோடு அளந்தால் 750தான் வரும். குறைகிற 270 சதுர அடிக்கு 350 ஓட்டுக்கு மேல் மறுபடி வாங்க வேண்டியிருக்கும்.