முகாம் கற்பிக்கும் பாடம்

கல்லூரி மாணவர் ஐம்பது பேர் ஒரு கிராமத்தில் ஏழு நாட்கள் தங்கிப் பணியாற்றுவதால் விளையும் பயன் என்ன? நாட்டு நலப்பணித் திட்டத்தின் சிறப்பு முகாம்களைக் குறித்து அடிக்கடி எழுப்பப்படும் வினா இது. முகாமில் எதனை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

திட்டத்தின் தோற்றம்

கல்வியோடு சமூகப் பணியை இணைக்க வேண்டும் என்ற எண்ணம் விடுதலைக்குப் பின் பலமுறை ஆராயப்பட்டது. சி. டி. தேஷ்முக் தலைமையில் 1959இல் அமைந்த குழு இதனைப் பரிசீலித்தது. பிற நாடுகளின் அனுபவத்தை ஆராய்ந்த கே. ஜி. சையிதைன், இத்தகைய பணி மாணவர் விருப்பத்தின் பேரில் அமைவதே நன்று என்று பரிந்துரைத்தார். 1969 செப்டம்பர் 24 அன்று, அண்ணல் காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி, 37 பல்கலைக்கழகங்களில் இத்திட்டம் தொடங்கப்பட்டது. அப்போதைய மத்தியக் கல்வி அமைச்சர் வி. கே. ஆர். வி. ராவ் இதனைத் தொடங்கி வைத்தார். இதில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரமாக ஈராண்டுகள் பணி புரிவதோடு, ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றிலும் பங்கு பெறுகின்றனர்.

உழைப்பின் கணக்கு

ஐம்பது பேர் நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் உடலுழைப்பில் ஈடுபடுவதாகக் கொள்வோம். ஏழு நாட்களில் 1,400 மணி நேரம், அதாவது எட்டு மணி நேர வேலை நாட்கள் 175 கிடைக்கும். திடமான கிராமத்தார் 175 பேர் ஒரே நாளில் இதனைச் செய்து முடித்துவிடுவர். எனவே, வெட்டிய மண்ணை மட்டும் அளந்தால் முகாமின் பயன் சிறிதே. அதன் முதன்மையான விளைபொருள் வேறு.

கூடி வாழும் பயிற்சி

குளம் தூர்வாரும் பணியை எடுத்துக்கொள்வோம். மண்ணை வெட்டுவோர், அள்ளுவோர், சுமப்போர் என மூவகையினர் வேண்டும். வெட்டுவோர் மிகுந்து சுமப்போர் குறைந்தால் மண் அங்கேயே குவியும். சுமப்போர் மிகுந்தால் கூடையோடு காத்து நிற்பர். வேலைப் பிரிவினை பற்றி நூலில் படித்த மாணவன் அதன் பொருளை இங்கேதான் உணர்கிறான். வகுப்பில் வாய் திறவாத உழவர் வீட்டுப் பிள்ளை மண்வெட்டியைப் பிடிக்கும் முறையை நகரத்து நண்பனுக்குக் கற்பிக்கிறான். அறிவின் வரிசை அன்று தலைகீழாகிறது.

பத்துப் பேர் கொண்ட குழுக்களாகப் பிரிந்து, நாளொருவர் தலைமை ஏற்பது பயனுள்ள முறையாகும். இன்று ஆணையிடுபவர் நாளை ஆணைக்குக் கீழ்ப்படிய வேண்டும். சமையல் குழு தாமதித்தால் அனைவரும் பசித்திருக்க நேரும். பொறுப்பு என்பது என்னவென்று அப்போது விளங்கும். எல்லாச் சாதியினரும் ஒன்றாகச் சமைத்து, ஒரே பந்தியில் உண்பதும், பாத்திரங்களை முறை வைத்துத் துலக்குவதும் எந்தச் சொற்பொழிவினும் வலிமை வாய்ந்த பாடங்களாகும்.

தவிர்க்க வேண்டிய குறை

மாணவர் உழைக்க, ஊரார் வேடிக்கை பார்க்கும் முகாம்களும் உண்டு. அங்கே தூர்வாரிய வாய்க்கால் அடுத்த மழைக்குள் மீண்டும் தூர்ந்துவிடும். எஞ்சுவது புகைப்படமும் சான்றிதழுமே. இதனால் மாணவருக்கும் நம்பிக்கை குன்றும், கிராமத்திற்கும் சலிப்பு உண்டாகும்.

இதனைத் தவிர்க்கச் சில நெறிகள் தேவை. முகாமுக்கு முன்னரே மாணவர் அவ்வூருக்குச் சென்று, வீடுவீடாகத் தேவைகளைக் கேட்டறிய வேண்டும். எந்தப் பணி என்பதைக் கிராம சபையே முடிவு செய்தல் நலம். ஊராரும் உடன் உழைக்க வேண்டும். பணி முடிந்தபின் பராமரிப்பு யார் பொறுப்பு என்பது முகாம் கலையும் முன் உறுதியாக வேண்டும். ஆறு திங்கள் கழித்து அதே மாணவர் மீண்டும் சென்று பார்ப்பது மிக இன்றியமையாதது.

எட்டாம் நாள் காலையில் மாணவர் ஊர் திரும்புவர். அதன் பின்னும் வாய்க்காலில் நீர் தடையின்றி ஓடுமாயின், அதனைக் காக்கும் பொறுப்பை ஊராரே ஏற்றிருப்பராயின், முகாம் வெற்றி பெற்றதாகக் கொள்ளலாம். பிறரை உழைக்கச் செய்வது மட்டும் தலைமையன்று. தாம் விலகிய பின்னும் பணி தொடருமாறு செய்வதே தலைமை.