கேஷ் நம்ம காசா?

கேள்வி: எங்கள் ஊர் பூ மார்க்கெட்டில் பூ எடுக்கப் போனால், "கேஷா, ஜிபேயா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நம் தமிழ்க் காசுதான் வெள்ளைக்காரர்களிடம் போய் 'கேஷ்' ஆனது என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா அடித்துச் சொல்கிறார். உண்மையா ஐயா?
- வாசகர், சங்கரன்கோவில்

பதில்: பாதி உண்மை. ஆனால் அந்தப் பாதிக்கும் பூ மார்க்கெட் கேஷுக்கும் சம்பந்தமில்லை.

ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ், ஐரோப்பியச் சரக்கு. பிரெஞ்சில் 'கெஸ்', இத்தாலியில் 'காஸ்ஸா' என்றால் பணப்பெட்டி. இரண்டுக்கும் மூலம், பெட்டி என்று பொருள்படும் லத்தீன் 'காப்ஸா'. மருந்துக்கடை கேப்ஸ்யூலும் அந்த வீட்டுப் பிள்ளைதான். பெட்டியின் பெயர் உள்ளே கிடந்த பணத்துக்கு ஒட்டிக்கொண்டது. நம் கடைகளிலும் கல்லா என்பது பெட்டிதான், "இன்னைக்குக் கல்லா எப்படி?" என்றால் வசூலைத்தானே கேட்கிறோம்!

ஆங்கில அகராதியில் இன்னொரு கேஷும் உண்டு. அதே எழுத்து, அதே உச்சரிப்பு; பிறப்பு வேறு. சில்லறை நாணயம் என்று பொருள். மாமாவுக்குச் சேர வேண்டியது இதுதான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலேயே புழங்கும் நம் காசை, பின்னால் வந்த போர்த்துகீசியர் 'காய்ஷா' என்றார்கள். அவர்களிடமிருந்து அது ஆங்கிலேயர் வாய்க்குப் போனது. நடுவில் ஓட்டை போட்ட சீன நாணயத்துக்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், போர்த்துகீசிய மொழியிலும் 'காய்ஷா' என்றால் பெட்டி! குழப்பம் வராமல் என்ன செய்யும்?

கம்பெனிக் காலத்து மதராஸ் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். பர்மிங்காம் அருகே மேத்யூ போல்டனின் சோஹோ ஆலையில் 1808-ஆம் ஆண்டு பொறித்து அடித்த செப்புக்காசைப் பாருங்கள். ஒரு பக்கம் கம்பெனிச் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்து, அதன் கீழே ரோமன் எண்ணோடு 'கேஷ்'. 10, 20 காசு நாணயங்களை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பிய 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டும் முன்பே குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980-களில் அள்ளி எடுத்தார்கள். நாணயம் சேர்ப்பவர்களிடம் இன்றும் அவை சாதாரணமாகக் கிடைக்கின்றன. மதராஸில் 1818-இல் ரூபாய்க் கணக்கு வந்தபின் இந்தக் கேஷுக்கு வேலை போயிற்று.

அந்த நாணயத்தின் படத்தைக் குழுவில் போடுங்கள். மாமாவுக்கு அப்போதும் மனசு ஆறவில்லை என்றால் சுருட்டையும் கட்டுமரத்தையும் எடுத்துக் கொடுங்கள். அவை இரண்டும் இங்கிருந்தே ஆங்கிலத்துக்குப் போனவை.