சிறுவர் உள்ளமும் பெற்றோர் கடமையும்

சீர்காழிக் குளக்கரையில் மூன்று வயதுப் பிள்ளை அழுத வரலாறு சைவ மக்கள் யாவரும் அறிந்தது. நீரில் மூழ்கிய தந்தையாரைக் காணாது பிள்ளை அஞ்சி அழுதது. உமையம்மையார் கண்ணீரைத் துடைத்த பின்னரே பொற்கிண்ணத்தைக் கையிற் கொடுத்தார். கரையேறிய தந்தையாரோ பால் கொடுத்தவர் யாரென்று கேட்டுக் கோலை ஓங்கினார். பெரியபுராணம் காட்டும் இவ்விருவரும் இன்றும் எல்லா வீடுகளிலும் இருக்கின்றனர்.

பயம், கோபம், துக்கம், பொறாமை என்பன பிள்ளைக்கு இயல்பானவை. அவற்றைச் சொல்லச் சொற்கள் இல்லாதபோது உடம்பு சொல்கிறது. பள்ளிக்கூடம் போகும் காலையில் வயிற்றுவலி, நின்றுபோன வயதிலே மீண்டும் படுக்கையில் சலம் போதல், தம்பி தங்கையை அடித்தல் என்று அது வெளிப்படும். பெரியவர்கள் இதைக் குழப்படி என்கிறார்கள். நாவூறு கழித்து நூல் கட்டுவதிலும் பிழையில்லை, ஆனால் “என்னம்மா பயமாக இருக்குது?” என்று கேட்பதும் வேண்டும்.

2004 மார்கழி 26இல் முல்லைத்தீவுக் கரையைக் கடல் கொண்டது. ஆழிப்பேரலையின் பின் வடகிழக்கு முகாமொன்றில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட 31 சிறுவர்களுக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளர்கள் ஆறு அமர்வுகள் நடத்தினர். ஒரு பகுதியினர் தம் வாழ்க்கைக் கதையைப் பயந்த நிகழ்வு உட்பட ஒழுங்காகச் சொன்னார்கள். மற்றவர்கள் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். ஆறு மாதத்தின் பின் முதற் பகுதியில் நூற்றுக்கு 81 வீதமானோரும் மற்றதில் 71 வீதமானோரும் தேறியிருந்தனர். சிறு தொகையினராதலால் இந்த வேறுபாட்டைப் பெரிதாக எடுக்க இயலாது. இரு வழியும் பயன் தந்தன என்பதே முக்கியம். சாந்தியாசனமும் மந்திர உச்சாடனமும் மனப்பதற்றத்தைத் தணிக்க உதவும் என்பதைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்களும் எடுத்துக்காட்டியுள்ளார். மூச்சை மெதுவாக நீட்டி விடும்போது நெஞ்சுப் படபடப்புக் குறைகிறது. “ஓம்” என்று நீட்டிச் சொல்லும் பிள்ளை அதைத்தான் செய்கிறது.

இன்று வன்னிப் பாடசாலைகளிற் படிக்கும் பிள்ளைகள் அநேகமாக 2009இன் பின் பிறந்தவர்கள். செல்லடியையும் பங்கரையும் செட்டிகுளத்து முகாமையும் அவர்கள் காணவில்லை. ஆயினும் திருவிழாவில் வெடி வெடிக்கும்போது தாயின் முகம் மாறுவதை அவர்கள் காண்கிறார்கள். காரணம் சொல்லாவிட்டால், தன்னிலேதான் ஏதோ பிழை என்று பிள்ளை எண்ணிக்கொள்ளும். “அந்தச் சத்தம் கேட்டால் அம்மாவுக்குப் பழைய நாள் ஞாபகம் வரும். இப்ப ஒன்றுமில்லை, வா, பக்கத்தில் இரு” என்ற அளவு போதும். முழுக் கதையையும் ஒரே நாளிற் சொல்ல வேண்டியதில்லை. கோவிற் சபையாரும் வெடி கொளுத்துமுன் ஒலிபெருக்கியில் அறிவித்தால், தாய்மார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சற்று விலகி நிற்கலாம். செலவில்லாத காரியம்.

ஒரு மாதத்துக்கு மேலாக நித்திரையின்றி, உணவின்றி, விளையாட்டின்றி ஒதுங்கும் பிள்ளையை மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிச்செல்ல வேண்டும். சாவைப் பற்றிக் கதைக்கும் பிள்ளையை அன்றைக்கே கொண்டுசெல்ல வேண்டும். காய்ச்சலுக்குப் போகும் அதே வைத்தியசாலைதான். அயலவர் என்ன சொல்வார்களோ என்று பின்னிற்க வேண்டியதில்லை.