மூத்தோர் குடியிருப்பில் ஒரு நாள்

நுழையும்முன்

பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்களில் தாத்தாவும் பாட்டியும் பெரும்பாலும் பழைய ஊரிலேயே தங்கிவிடுகின்றனர். கேரளத்தில் இந்நிலை நெடுங்காலமாக உள்ளது. திருவனந்தபுரத்து முதியோர் தம் நாளை எவ்வாறு கழிக்கின்றனர் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

பாடம்

இந்தியாவில் முதியோர் விகிதம் மிகுந்த மாநிலம் கேரளம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் இந்திய அளவில் நூற்றுக்கு 8.6 பேர், தமிழ்நாட்டில் 10.4 பேர், கேரளத்தில் 12.6 பேர். கல்வியும் மருத்துவ வசதியும் பரவியதால் அங்கு மக்களின் வாழ்நாள் நீண்டது. பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது. வளர்ந்த பிள்ளைகளோ வளைகுடா நாடுகளுக்கும் பிற மாநில நகரங்களுக்கும் வேலை தேடிச் சென்றனர். பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் பெரிய வீடுகள் எழுந்தன. அவ்வீடுகளில் முதியவர் இருவர், சில வேளைகளில் ஒருவர் மட்டுமே வாழ்கின்றனர்.

இத்தகையோரில் வசதி உடைய சிலர் மூத்தோர் குடியிருப்புகளை நாடுகின்றனர். இதனை முதியோர் இல்லம் என்று எண்ணிவிடக் கூடாது. கைவிடப்பட்டோருக்கும் வறியோருக்கும் அடைக்கலம் தருவது முதியோர் இல்லம். மூத்தோர் குடியிருப்பிலோ ஒவ்வொருவருக்கும் தனி வீடும் தனிச் சாவியும் உண்டு. சமையல், துப்புரவு, மருத்துவ உதவி ஆகியவை பொதுவானவை. அவற்றிற்கு மாதந்தோறும் கட்டணம் செலுத்த வேண்டும்.

அங்கு விடியற்காலையிலேயே நாள் தொடங்கிவிடுகிறது. வெயில் ஏறும் முன் நடைப்பயிற்சி. பிறகு தேநீரும் செய்தித்தாளும். கேரளத்து முதியோருக்குச் செய்தித்தாள் இன்றியமையாதது. அரசியல் வாதம் காலை உணவு வரையும் நீளும். உணவுக்குப் பின்னும் தொடரும். நேற்றுக் கடுமையாக மோதிக்கொண்ட இருவர் இன்று ஒரே மேசையில் அமர்ந்து புட்டும் கடலையும் உண்பர்.

கட்டடத்தை உற்றுநோக்கினால் முதுமையின் தேவைகள் புலப்படும். குளியலறைச் சுவரில் பற்றிக்கொள்ளக் கம்பிகள் உள்ளன. தரை வழுக்காதது. வாயில்களில் படிக்குப் பதிலாகச் சாய்தளம் அமைந்திருக்கிறது. கட்டிலருகே ஓர் அவசர மணி உண்டு. முதுமையில் வழுக்கி விழுவது சிறு செய்தியன்று. ஓர் இடுப்பெலும்பு முறிவு ஒருவரை மாதக்கணக்கில் படுக்கையில் கிடத்திவிடும்.

நண்பகல் உணவை மலையாளத்தில் 'ஊணு' என்பர். 'ஊண்' என்பது உணவைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல்லே. தமிழர் பேச்சில் அருகிவிட்ட அச்சொல் அண்டை மாநிலத்தில் நாள்தோறும் ஒலிக்கிறது. இரவில் பலர் கஞ்சியும் பயறும் மட்டுமே விரும்புவர். நம் ஆடி மாதத்தை ஒட்டி வரும் கர்க்கடக மாதத்தில் மருந்துக் கஞ்சி காய்ச்சுவதும், மாலையில் விளக்கேற்றி எழுத்தச்சனின் இராமாயணம் படிப்பதும் மலையாள மரபு. ஓணத்தின்போது முதியவர்களே அமர்ந்து பூக்கோலம் இடுவர். குனிய இயலாதவர் நாற்காலியில் இருந்தபடி நிறம் சொல்வர்.

ஆயினும், எல்லாம் செய்து தரப்படும் இடத்தில் ஒரு குறையும் உண்டு. ஐம்பது ஆண்டுகள் அடுக்களையை ஆண்ட ஒரு மூதாட்டி இப்போது உணவு மணிக்காகக் காத்திருக்க வேண்டும். குழம்பில் புளி கூடியிருப்பதை அவர் நாக்கு உடனே கண்டுகொள்ளும்; அதனை யாரிடம் சொல்வது? ஓய்வை விரும்பி வந்தவர்களுக்கும் சில நாட்களில் ஓய்வே சுமையாகிவிடுகிறது. ஆதலால், நன்கு நடைபெறும் குடியிருப்புகளில் உணவுப் பட்டியலைக் குடியிருப்போரின் குழுவே முடிவு செய்கிறது. சிலர் காய்கறித் தோட்டம் பேணுகின்றனர்; ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் பணியாளர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகின்றனர். மருந்து வேளை தவறாமல் கிடைப்பதைவிட இத்தகைய பொறுப்பே பலரை நிமிர்ந்து நடக்க வைக்கிறது.

இவ்வாழ்க்கை எல்லாருக்கும் எட்டுவதன்று. வசதி குறைந்தோருக்குத் திருவனந்தபுரம் புலயனார்கோட்டையில் அரசு முதியோர் இல்லம் உள்ளது. மாலையில் வீடு திரும்ப விரும்புவோர்க்கு உள்ளாட்சி அமைப்புகள் 'பகல் வீடு' நடத்துகின்றன. நகரங்களில் வாழும் 65 வயது கடந்தோருக்கு 'வயோமித்ரம்' திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு இலவச மருந்து அளிக்கிறது. படுக்கையில் இருப்போரைச் செவிலியர் வீடு தேடிச் சென்று கவனிக்கும் முறையும் அங்கு வேரூன்றியுள்ளது. இதற்கெனக் கேரள அரசு 2008ஆம் ஆண்டிலேயே தனிக் கொள்கை வெளியிட்டது.

பெற்றோரையும் மூத்த குடிமக்களையும் பேணுவதற்கான நடுவண் அரசின் சட்டம் 2007ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. கவனிப்பாரற்ற பெற்றோர் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். வழக்கறிஞர் வாதாடத் தேவையில்லை. அச்சட்டத்தில் 'பிள்ளைகள்' என்னும் சொல் மகன், மகளோடு பேரன், பேத்தியையும் குறிக்கும். வயது நிரம்பாதோர்க்கு மட்டும் விலக்கு உண்டு. சட்டம் உணவுக்கும் மருந்துக்கும் வழி செய்யும். உடன் அமர்ந்து பேச ஆள் தராது.

திருவனந்தபுரத்தில் கரமனை, வலியசாலை முதலிய பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. திண்ணை வைத்த வீடுகளில் வளர்ந்த தமிழ் முதியோர் கடைத்தெருவில் மலையாளம் பேசுவர். கணக்குப் போடுவதும் கடவுளை வேண்டுவதும் தமிழில்தான். முதுமையில் மறதி நோய் வந்தால், பின்னாளில் கற்ற மொழி முதலில் மங்கி, இளமையில் பேசிய மொழி எஞ்சி நிற்பது பலரிடம் காணப்படுகிறது. அந்நாளில் அவர்களுக்குத் தமிழில் மறுமொழி கூறுவோர் வேண்டும்.

இரவு உணவுக்குப் பின் குடியிருப்பின் அறைகளில் தொலைபேசிகள் ஒலிக்கத் தொடங்கும். தொலைவிலிருந்து பேரன் பேத்தியர் அழைக்கும் நேரம் அது. ஆங்கிலமோ இந்தியோ மட்டும் அறிந்த பேரனிடம் பாட்டி, "சாப்பிட்டாயா?" என்கிறார், "ம்" என்று விடை வருகிறது. அடுத்து என்ன கேட்பதென்று இருவருக்கும் தெரியவில்லை. பக்கத்து அறையிலோ ஒரு பேத்தி, அன்று பள்ளியில் நடந்ததைத் திக்கித் திக்கித் தமிழில் சொல்கிறாள். தாத்தா இடையிடையே ஒரு சொல்லைத் திருத்துகிறார். அந்த அறையில் விளக்கு அணைய வெகுநேரம் ஆகிறது.

சொற்பொருள்

அடைக்கலம் – புகலிடம்
அடுக்களை – சமையலறை
மூதாட்டி – வயது முதிர்ந்த பெண்
அருகிவிட்ட – குறைந்துபோன
நடுவண் அரசு – மத்திய அரசு

மதிப்பீடு

1. முதியோர் இல்லத்திற்கும் மூத்தோர் குடியிருப்பிற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. 'ஓய்வே சுமையாகிவிடுகிறது' என்று பாடம் கூறுவது ஏன்?
3. உங்கள் தாத்தாவிடமோ பாட்டியிடமோ கேட்க விரும்பும் ஐந்து வினாக்களைத் தமிழில் எழுதுக. தொலைபேசியில் கேட்டு, அவர்கள் கூறும் விடைகளை அவர்கள் பேச்சிலேயே எழுதி வருக.