டெப்பட் கவரால் ஒயில் கசியுதா, தங்கச்சி?

நீ அனுப்பின படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எஞ்சின் தலையின் ஓரத்தில் தொடங்கின கறுப்புக் கோடு, புகை வெளியே போகிற மெனிபோல்ட்டுக்கு ஒரு விரற்கடை மேலே வந்து நிற்கிறது. பள்ளிக்கூட வாசலில் காரை நிறுத்தியதும் கருகின மணம் வருகிறது என்றாயே, அது இந்த ஒயில்தான். சூடான இரும்பில் சொட்டி எரிகிறது. "இனி இந்தக் காரை வித்துப்போடுவம்" என்று அம்மா சொன்னாவாம். விற்க வேண்டாம். எஞ்சின் தலையை மூடியிருக்கிற டெப்பட் கவருக்குக் கீழே கிடக்கிற ரப்பர் பெக்கிங்கும் அதோடு சேர்ந்த சில ரப்பர் வளையங்களும்தான் காய்ந்து செத்திருக்கின்றன. ஒரு சனிக்கிழமைக் காலை இருந்தால் நீயே மாற்றிவிடலாம்.

அப்பா ஓடின கொரொல்லா 1993ஆம் ஆண்டுக் கார். 5ஏ-எஃப்இ எஞ்சின், 1498 சிசி. முப்பது வருசத்துக்கு மேலாகச் சூடாகி ஆறி, சூடாகி ஆறி வந்த ரப்பர் எப்படி இருக்கும்? கையில் எடுத்து மடித்தால் காய்ந்த பனங்கிழங்கு மாதிரி முறியும். 2022இல் பெற்றோல் இல்லாமல் மாதக்கணக்கில் மாமரத்தின் கீழ் நின்றதும் அதற்கு நல்லதாக இருந்திருக்காது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். சொந்தப் பாவனைக் கார்கள் திரும்ப வரத் தொடங்கியது 2025 பெப்ரவரிக்குப் பிறகுதான். அந்த ஐந்து வருசமும் மட்டக்களப்பில் ஆசிரியர்மாரையும் தாதிமாரையும் வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவை இந்த மாதிரிப் பழைய கார்கள்தான். ஆனபடியால் கசிவைப் பார்த்து வெட்கப்படாதே. ஆனால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் கூடாது. மெனிபோல்ட்டில் ஒயில் சேர்ந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து இருக்கிறது. பிளக் இறங்கியிருக்கிற குழிக்குள் ஒயில் நிறைந்தால் பிளக் வயரின் ரப்பர் ஊதி, எஞ்சின் இடையிடையே விக்கும். ரைமிங் பெல்ட் பக்கம் இறங்கினால் பெல்ட்டையும் கெடுத்துவிடும்.

முதலில் கசிவு அங்கேயிருந்துதான் வருகிறதா என்று நிச்சயப்படுத்து. ஒயில் கீழே ஓடும், காற்றில் பின்னுக்கும் பறக்கும். அதனால் நனைந்த இடம் ஓட்டை இருக்கிற இடமாக இருக்க வேண்டியதில்லை. எஞ்சின் நன்றாக ஆறின பிறகு டெப்பட் கவரைச் சுற்றி மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துக் காயவிட்டு, முகத்துக்குப் போடுகிற பவுடரை அந்த விளிம்பெல்லாம் மெல்லிதாகத் தூவு. கல்லடிப் பாலம் வரைக்கும் ஒரு ஓட்டம் போய் வந்து, எஞ்சின் ஆறின பிறகு ரோச் அடித்துப் பார். வெள்ளைப் பவுடரில் எந்த இடத்தில் மிக மேலே நனைந்திருக்கிறதோ அதுதான் வாய். அது கவரின் விளிம்பில் இல்லாமல் டிஸ்ரிபியூட்டர் எஞ்சின் தலையோடு சேருகிற இடத்தில் இருந்தால் பெக்கிங்கை மாற்றிப் பிரயோசனமில்லை. அங்கே இருப்பது வேறு ரப்பர் வளையம்.

அடுத்து நான் சொல்வதைக் கராஜ்களிலும் பல பேர் பார்ப்பதில்லை. பிசிவி வால்வைப் பார். டெப்பட் கவரில் இருந்து ஒரு ரப்பர் குழாய் புறப்பட்டு, காற்று உள்ளே போகிற மெனிபோல்ட்டுக்குப் போகும். அந்தக் குழாயின் முனையில், கவரில் செருகினபடி இருக்கிற சின்னச் சாமான் அது. பிஸ்டனின் ஓரத்தால் எப்போதும் ஒள்ளுப்பம் புகை கீழே இறங்கும். அந்தப் புகையை இழுத்துத் திரும்ப எரியக் கொடுப்பதுதான் அதன் வேலை. அது ஒயில் பசையால் அடைத்துப்போனால் என்ன நடக்கும்? புட்டு அவிக்கும்போது பானை வாயில் குழலை வைத்துச் சுற்றிச் சீலை கட்டுவோமே, குழலுக்குள் மா இறுகி அடைத்துவிட்டால் ஆவி எங்கே போகிறது? சீலை கட்டின பக்கத்தால் சீறிக்கொண்டு வரும். இங்கேயும் அதேதான். புகைக்குப் போக வழியில்லை, பெக்கிங்கைத் தள்ளிக்கொண்டு ஒயிலோடு வெளியே வரும். வால்வ் அடைத்தபடி கிடக்க நீ புதுப் பெக்கிங் போட்டால், சில மாதத்தில் எனக்குத் திரும்பவும் படம் அனுப்புவாய்.

வால்வைக் கழற்றி, அதன் எஞ்சின் பக்கத்தில் சுத்தமான சின்னக் குழாயொன்றைச் செருகி ஊது. காற்று லேசாகப் போக வேண்டும். மறுபக்கத்தால் ஊதினால் போகக் கூடாது, போனாலும் கஷ்டப்பட்டுத்தான் போக வேண்டும். வாயால் உறிஞ்சிப் பார்க்காதே, உள்ளே பெற்றோல் ஆவி இருக்கும். சந்தேகமென்றால் புதிதாக வாங்கு. அது உட்கார்ந்திருக்கிற ரப்பர் வளையத்தையும் சேர்த்து வாங்கு.

ஸ்பெயார் பார்ட்ஸ் கடைக்குப் போகும்போது காரின் செசி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் படம் எடுத்துக்கொண்டு போ. "கொரொல்லாவுக்கு டெப்பட் கவர் பெக்கிங்" என்று மட்டும் கேட்டால் கைக்கு வந்ததைத் தருவார்கள். அப்பாவின் எஞ்சினுக்கும் அடுத்த வீட்டுக் கொரொல்லாவின் எஞ்சினுக்கும் கவர் வேறாக இருக்கலாம். பெக்கிங், பிளக் குழிக்குச் சுற்றி வருகிற வளையங்கள், நட்டுக்குக் கீழே வருகிற ரப்பர் வாசர்கள், எல்லாம் அடங்கின செட்டாகக் கேள். பெக்கிங்கை மட்டும் மாற்றிவிட்டு வளையத்தைப் பழையபடி விட்டால் பிளக் குழிக்குள் ஒயில் வருவது நிற்காது. கையில் வாங்கி மடித்துப் பார், இழுத்துப் பார். நல்ல ரப்பர் உடனே பழைய நிலைக்குத் திரும்பும். சும்மா ஒரு ஆணியில் வருசக்கணக்காகத் தொங்கி வளைந்துபோன சாமானென்றால் திருப்பிக் கொடு.

இனி வேலை. எங்கே வைத்துச் செய்வது என்பதுதான் எங்கட ஊரில் பெரிய விசயம். நம்முடைய முற்றம் முழுக்கக் கடல் மணல். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அந்த மணல் முழங்கால் உயரத்துக்குப் பறக்கும். திறந்த எஞ்சினுக்குள் ஒரு சிட்டிகை மணல் விழுந்தாலும் அது ஒயிலோடு சுற்றி எல்லா இடத்தையும் அராவும். ஆகவே விடியற்காலையில், காற்று எழும்ப முன்னம், சீமெந்துத் தரையில் வைத்துச் செய். மாமா வீட்டுப் போர்டிக்கோ சரியாக இருக்கும். அவர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கவரைத் திறக்க முன்னம், சுற்றியிருக்கிற மண்ணையும் ஒயில் சேற்றையும் பிரசால் தட்டித் துடைத்துவிடு. திறந்த பிறகு ஒரு சுத்தமான பருத்தித் துணியால் எஞ்சினை மூடி வை, நூல் உதிராத துணியாகப் பார்.

முதல்நாள் இரவே நட்டுகளுக்கு டபிள்யூடி-40 அடித்துவிடு. வாவியும் கடலும் இரண்டு பக்கமும் இருக்கிற ஊரில் எந்த நட்டும் உப்புக் காற்றுக்குத் தப்பாது. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்று. பிளக் வயர் நாலுக்கும் பிளாஸ்டர் ஒட்டி 1, 2, 3, 4 என்று எழுது, போனில் படமும் எடு. வயரைப் பிடித்து இழுக்காதே, பிளக்கைப் பிடித்திருக்கிற ரப்பர்த் தொப்பியைப் பிடித்துத் திருகி இழு. பிளக் குழியில் ஒயில் தேங்கியிருந்தால் ஒரு குச்சியில் துணி சுற்றி முழுக்க ஒற்றியெடு. அதற்கு முன்னம் பிளக்கைக் கழற்றினால் அந்த ஒயில் நேரே சிலிண்டருக்குள் இறங்கும்.

நட்டுகளை ஒரே மூச்சில் கழற்றாதே. ஓரத்தில் இருந்து தொடங்கி, மாறி மாறி, ஒவ்வொன்றிலும் அரைச் சுற்று. கழற்றினதையெல்லாம் ஒரு சிரட்டையில் போடு. கவர் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் பலகைத் துண்டை வைத்துப் பக்கவாட்டில் மெல்லத் தட்டு. இடுக்கில் திருப்புளியை விட்டு நெம்பினாயோ, அலுமினியத்தில் விழுகிற அந்தக் கீறல் இனி எந்தப் பெக்கிங்குக்கும் அடங்காது.

கவரைத் தூக்கினதும் ஒரு நிமிடம் நின்று உள்ளே பார். தேன் நிறத்திலோ மண்ணிறத்திலோ இருந்தால் எஞ்சின் சுகமாக இருக்கிறது. கறுத்த களி மாதிரிப் படிந்திருந்தால் ஒயில் மாற்றுவதில் தவணை தவறியிருக்கிறோம். பால் கலந்த மாதிரி வெளுத்த பசை நிறைய இருந்தால் வேலையை நிறுத்திவிட்டு எனக்குக் கோல் எடு. தண்ணீர் கலந்திருக்கலாம், அது வேறு கதை.

பழைய பெக்கிங் துண்டு துண்டாக வரும். எத்தனை துண்டு வந்தது என்று அடுக்கிப் பார், உள்ளே ஒன்றும் விழுந்துவிடக் கூடாது. கவரின் பள்ளத்தை ஈர்க்கால் கிண்டிச் சுத்தம் செய்து, மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகக் காயவிடு. எஞ்சின் தலையின் விளிம்பைப் பெற்றோல் தொட்ட துணியால் ஒயில் இல்லாமல் துடை. அரத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது, அதன் பொடி மணலைவிடக் கொடியது.

இனி சிலிக்கோன் கதை. ஆறேழு வருசத்துக்கு முன்னம் இதே கார், இதே கசிவு. நான் ஒரு கராஜில் விட்டேன். பழைய பெக்கிங்கையே வைத்து, அதன் மேல் கவரைச் சுற்றிச் சிவப்புச் சிலிக்கோனைத் தாராளமாகப் பூசி மூடிக் கொடுத்தார்கள். கசிவு நின்றது. நானும் சந்தோசமாகக் கொக்கட்டிச்சோலைக்கு ஓடிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மண்முனைப் பாலத்தில், அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வாவி, நடுவில் நான், ஒயில் விளக்குச் சிவப்பாக எரிந்தது. உடனே நிறுத்திவிட்டேன். 2014இல் ஜப்பான் உதவியில் அந்தப் பாலம் வரும் வரைக்கும் படுவான்கரைக்கு, நாங்கள் பாதை என்று சொல்கிற மிதவைப் படகில் ஏறித்தான் போனோம். அன்றைக்குத் திரும்பவும் பாதைக்குக் காத்து நின்ற காலம் போல வெயிலில் நின்றேன். மறுகா ஒயில் சம்பைக் கழற்றிப் பார்த்தால், உறிஞ்சுகிற வலையில் சிவப்புச் சிலிக்கோன் துணுக்குகள் ஒட்டியிருந்தன. கவருக்கு வெளியே பிதுங்கினதை நாம் பார்க்கிறோம். உள்ளே அதே அளவு பிதுங்கியதை யாரும் பார்ப்பதில்லை. அது காய்ந்து உடைந்து, ஒயிலோடு போய் வலையை அடைத்திருக்கிறது. இன்னும் அஞ்சு நிமிடம் ஓடியிருந்தால் எஞ்சின் பிடித்திருக்கும்.

அதனால் சொல்கிறேன், ரப்பர் பெக்கிங்கைக் காய்ந்த பள்ளத்தில் காய்ந்தபடியே வை. சிலிக்கோன் வேண்டிய இடம் சில மூலைகள் மட்டும்தான். கேம் சாஃப்டைப் பிடித்திருக்கிற மூடி, எஞ்சின் தலையோடு படியாகச் சேருகிற மூலைகளில் பயற்றங்கொட்டை அளவு ஒரு துளி. பூசினால் சில நிமிடத்துக்குள் கவரை மூடிவிட வேண்டும், தோல் பிடித்துவிட்டால் துடைத்துத் திரும்பப் பூசு. கவரை நேரே மேலிருந்து இறக்கு, இழுத்துச் சரிக்கட்டாதே. பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாது, முகம் பார்க்கிற கண்ணாடியை அங்கே பிடித்துப் பெக்கிங் மடிந்திருக்கிறதா என்று பார்.

நட்டுகளைக் கையாலேயே முட்ட விடு. பிறகு நடுவில் தொடங்கி வெளியே, மாறி மாறி, இரண்டு மூன்று தடவையாக இறுக்கு. எவ்வளவு? சில்லு நட்டுக்குப் புத்தகம் சொல்வது 103 நியூட்டன் மீட்டர். இந்த நட்டுகளுக்குச் சுமார் 6. வித்தியாசத்தைப் பார். அளவு காட்டுகிற ரென்ச் இல்லாவிட்டால் சின்ன ஸ்பெனரைத் தலைக்குக் கிட்ட இரண்டு விரலால் பிடித்து இறுக்கு, விரல் நின்றால் நீயும் நில். கசிகிறதே என்று மேலும் மேலும் இறுக்கியதால்தான் பாதிக் கவர்கள் வளைகின்றன. காய்ந்த ரப்பரை எவ்வளவு இறுக்கினாலும் அது இளகாது.

மாமாவின் மொரிஸ் மைனருக்கு இந்தக் கணக்கைக் கொண்டுபோகாதே. அதன் எஞ்சினில் மேலே இருப்பது ரொக்கர் கவர், இரண்டே நட்டில் நிற்பது, பெக்கிங் தக்கையால் செய்தது. அதைக் கவரின் பக்கம் மட்டும் பசை தொட்டு ஒட்டி, எஞ்சின் சூடாகி ஆறின பிறகு ஒரு தரம் பார்த்து மெல்ல முட்ட வைப்பார்கள். தக்கை அமுங்கும். நம்முடைய ரப்பருக்கு அது தேவையில்லை.

மூடினதும் ஸ்ராட் பண்ண அவசரப்படாதே, சிலிக்கோன் டியூபில் எழுதியிருக்கிற நேரத்துக்குக் காயவிடு. மறுநாள் காலை என்றால் இன்னும் நல்லது. மெனிபோல்ட்டில் பழைய ஒயில் மிச்சமிருந்தால் முதல் ஓட்டத்தில் புகைக்கும், பயப்படாதே, பத்துப் பதினைந்து நிமிடத்தில் அடங்கும். அதற்குப் பிறகும் புகைத்தால் நிறுத்திப் பார்.

கழுவின மண்ணெண்ணெயையும் ஒற்றியெடுத்த ஒயிலையும் முற்றத்து மணலில் ஊற்றாதே. எங்கட வீட்டில் சில அடி தோண்டினாலே தண்ணீர் வருகிறது, ஊற்றுவது நேரே கிணற்றுக்குப் போகும், கிணற்றில் இருந்து வாவிக்குப் போகும். பின்வளவுக் கண்டல் வேருக்குள் இப்போதுதான் இறால் குஞ்சு வந்திருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் கானில் ஊற்றி மூடி, பழைய ஒயில் சேர்க்கிற சேவிஸ் ஸ்டேசனில் கொடு. ஒயில் துணிகளைப் பையில் கட்டி வை, அடுப்படிப் பக்கம் வைக்காதே.

மூன்று நாள் ஓடின பிறகு பவுடரைத் திரும்பத் தூவு. கல்லடிப் பாலம் வரைக்கும் போய் வந்து, ரோச் அடித்து எனக்குப் படம் அனுப்பு.