சீருடைச் சின்னம் எத்தனை சலவைக்குத் தாங்கும்?

திருப்பதிக்கு வரும் யாத்திரிகரை விடுதி வரவேற்பாளர், உணவகப் பணியாளர், ஊர்தி ஓட்டுநர், காவலாளி எனப் பலர் எதிர்கொள்கின்றனர். இவர்களுள் பலரது சட்டைப் பையின் மேல் நிறுவனத்தின் சின்னம் வண்ண நூலால் தைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். 2008-இல் தொடங்கப்பெற்ற ஸ்ரீசிட்டி தொழில் நகரின் வளர்ச்சியால் ஆலைத் தொழிலாளர் சீருடைக்கும் இப்பகுதியில் தேவை பெருகியுள்ளது. எம்பிராய்டரி எனப்படும் பூத்தையல் இவ்வாறு ஒரு சிறுதொழிலாக இடம்பெறுகிறது. ஆயினும் அதன் தரத்தை மதிப்பிடும் முறை இன்னும் கண்ணளவிலேயே நிற்கிறது. ஒப்படைக்கும் நாளில் சின்னம் பளபளப்பாக இருந்தால் போதும் எனக் கொள்முதல் செய்வோர் கருதுகின்றனர். இக்கருத்து பொருளியல் நோக்கில் பிழையானது.

சின்னத்திற்கான கூலி 20 ரூபாய் உட்பட ஒரு சட்டையின் அடக்கவிலை 500 ரூபாய் என எடுத்துக்காட்டாகக் கொள்வோம். துணி 100 சலவைக்குத் தாங்கும். சின்னமோ 40-ஆவது சலவையிலேயே நைந்துவிடுகிறது. மங்கிய சின்னத்துடன் பணியாளரை நிறுத்த எந்த நிறுவனமும் விரும்பாது, சட்டை கழிக்கப்படும். எஞ்சிய 60 சலவைகளுக்குரிய 300 ரூபாய் மதிப்பு வீணாகிறது. விலையில் 4 விழுக்காடான ஓர் உறுப்பு, முழுப்பொருளின் ஆயுளையும் தீர்மானிக்கிறது. கூலியில் இரண்டு ரூபாய் குறைத்தவர் அடைந்த இலாபம் எத்தகையது என்பது இதிலிருந்து விளங்கும்.

சின்னம் கெடுவதற்கு முதற்காரணம் நூல். இத்தொழிலில் ரேயான், பாலியெஸ்டர் ஆகிய இருவகை நூல்களே பெரிதும் பயன்படுகின்றன. ரேயானின் மினுமினுப்பு கண்ணைக் கவரும். ஆனால் நனைந்த நிலையில் அது தன் வலுவில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. பருத்தி நனைந்தால் வலுப்பெறுவது. ரேயான் அதற்கு நேர்மாறு. கல்லில் அடித்துத் துவைப்பதும், கழுத்துப்பட்டையைத் தேய்க்கும் தூரிகையால் சின்னத்தையும் சேர்த்துத் தேய்ப்பதும் வழக்கமாயுள்ள நம் நாட்டில், நூல் மிக நலிந்திருக்கும் வேளையிலேயே அடி விழுகிறது. வெள்ளைச் சட்டைகளுக்குச் சலவைத் தூள் போட்டு வெளுக்கும்போது, அதிலுள்ள குளோரின் ரேயானின் நிறத்தையும் எளிதில் தாக்கும். பாலியெஸ்டர் இவ்விரண்டையும் நன்கு தாங்கும். அதன் குறை வேறு: பருத்திக்குரிய கடுஞ்சூட்டில் நேராகத் தேய்த்தால் நூல் இளகிப் பளபளப்பு கெடும். சட்டையை உட்புறம் திருப்பித் தேய்த்தால் இது நேராது.

இரண்டாவது காரணம் துணியின் சுருக்கம். பருத்தித் துணி முதற்சில சலவைகளில் சுருங்குவது இயல்பு. பாலியெஸ்டர் நூல் சுருங்குவதில்லை. துணி சுருங்கிச் சின்னம் சுருங்காதபோது, அதைச் சுற்றி மடிப்புகள் எழும். இதைத் தைப்பவரின் பிழை எனக் கூறுவோர் உளர். முன்னரே சுருக்கப்பெற்ற துணியை வாங்கியிருந்தால் இக்குறை தோன்றியிராது. நகரி, புத்தூர் போன்ற ஊர்கள் விசைத்தறிக்குப் பெயர் பெற்றவை; அருகிலேயே துணி கிடைக்கும் இத்தகைய இடங்களில், துணியின் இறுதிப் பதப்படுத்தலையும் சின்னத் தையலையும் இணைத்தே எண்ண வேண்டும்.

மூன்றாவது காரணம் கூலி முறையிலேயே உள்ளது. பலர் இதனை நோக்குவதில்லை. பூத்தையலுக்கு ஆயிரம் தையலுக்கு இவ்வளவு என்றே பொதுவாகக் கூலி கணக்கிடப்படுகிறது. விலையைக் குறைக்குமாறு நெருக்கினால் தையல் குறையும். முதலில் குறைவது மேலே தெரியும் தையலன்று. அதனடியில் துணியையும் பின்புறத் தாங்குதுணியையும் பிணைத்து நிற்கும் அடித்தையலே. அது கண்ணுக்குத் தெரியாது. சில மாதங்களில் சின்னம் உருக்குலையும்போதே அதன் இன்மை புலப்படும். தையல் மிகுந்தாலும் தீங்குண்டு. ஊசித் துளைகள் நெருங்கினால், அஞ்சல்தலைத் தாளின் துளைக்கோடு போலச் சின்னத்தின் ஓரமாகவே துணி கிழியும். எனவே எண்ணிக்கையை மட்டும் கொண்டு உறுதியை அளக்க இயலாது.

நிறத்தைத் துணியில் நிலைநிறுத்தும் கலை இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று. 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் அமைக்கப்படும் வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஸ்ரீகாளஹஸ்தியின் கலம்காரி ஓவியர், முதற்கோடு இழுப்பதற்கு முன்பே துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் ஊறவைக்கின்றனர். பின்னர் படிகாரம் இட்ட இடத்தில்தான் சிவப்புச் சாயம் பற்றும். சாயமேற்றிய துணி, சுவர்ணமுகி ஆற்றின் ஓடும் நீரில் அலசப்படுவது மரபு. இங்கே சலவை என்பது விற்பனைக்குப் பின் வரும் சோதனையன்று. செய்முறையின் ஓர் அங்கமே.

சீருடை வாங்கும் அலுவலகங்களும் சலவையை ஒப்பந்தத்திற்குள்ளேயே கொண்டுவரலாம். ஐ.எஸ்.ஓ. 105 வரிசைச் சோதனைகள் நம் நாட்டுத் தரங்களாகவும் ஏற்கப்பட்டுள்ளன. சலவை, உராய்வு, வியர்வை ஆகியவற்றுக்கு நிறம் நிற்பதை 1 முதல் 5 வரையும், ஒளிக்கு நிற்பதை 1 முதல் 8 வரையும் இவை தரப்படுத்துகின்றன. 'நல்ல தரமான பூத்தையல்' என்று எழுதும் ஒப்பந்தப்புள்ளி எதையும் சொல்வதில்லை. நூலின் வகை, சலவைக்கான தர எண், அடித்தையல், தாங்குதுணி, துணியின் சுருக்க வரம்பு ஆகியவற்றை எழுத ஒரு பக்கம் போதும். 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள், தேவையைத் தெளிவாகக் குறிக்குமாறும் வேண்டாத சிறப்புகளைத் தவிர்க்குமாறும் கூறுகின்றன. நூலின் வகை வேண்டாத சிறப்பு ஆகாது.

இது சிறுதொழில் முனைவோரின் நலனையும் தொடுவதாகும். மைய அரசு அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து பெற வேண்டும். அதில் பெண் முனைவோர்க்கு 3 விழுக்காடு உண்டு. ஆனால் விவரக்குறிப்பு தெளிவற்றிருந்தால், நல்ல நூலிட்டு அடித்தையலும் போட்ட பெண்ணின் விலை, அவற்றைக் கைவிட்டவரின் விலையைவிட உயர்ந்தே நிற்கும். குறைந்த விலைக்கே ஒப்பந்தம் என்னும் நிலையில் அவருக்கு இடமில்லை.

சின்னம் சட்டையைவிட நீடித்து உழைப்பதும் ஒரு தொல்லையே. பணி விட்டு நீங்கியவரின் பழைய சட்டை, காவலர் சீருடையாயின், பிறர் கையில் சேரக்கூடாது. நேரடியாகத் தைத்ததைப் பிரித்தால் ஊசித் துளைகளும் மங்காத நிறமும் சின்னத்தின் உருவை அப்படியே காட்டிக்கொடுக்கும். ஆகவே பாதுகாப்புப் பணிக்குத் தனித்துண்டில் பூத்தையலிட்டு, ஓரத்தை மட்டும் சட்டையில் தைக்கும் முறை ஏற்றது. ஓரத் தையலைப் பிரித்துச் சின்னத்தைக் கணக்கில் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.