கயிறு தெரியும் பாவை: ஸ்டாப் மோஷன் குறும்படத்தில் கையின் சுவடும் விளாச்சேரி பொம்மைக் கலையும்

ஆய்வுச் சுருக்கம்

அசைவற்ற பொருளைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் தனித்தனிச் சட்டகமாகப் பதிவு செய்து, அவற்றைத் தொடர்ந்து ஓட்டி அசைவுத் தோற்றத்தை உண்டாக்கும் முறை ஸ்டாப் மோஷன் எனப்படும். பொருளை நகர்த்தும் கை இரு சட்டகங்களுக்கு இடையில் மட்டுமே செயல்படுகிறது. ஆகவே திரையில் அது தெரிவதில்லை. இந்த மறைவைத் தொழில்நுட்ப நிறைவாகக் கொள்ளும் பார்வையை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது. திருக்குறளின் மரப்பாவை உவமை, தோற்பாவை நிழற்கூத்து, ஃபால்கே, பிரமோத் பதி ஆகியோரின் குறும்படங்கள், மதுரையை அடுத்த விளாச்சேரியின் அச்சுப் பொம்மைத் தொழில் ஆகியவற்றை ஒருங்கே வைத்து நோக்கி, கையின் சுவடு தெரியுமாறு படமாக்குவது மதுரை வட்டாரத் தனிநிலைப் படைப்பாளிக்கு ஏற்ற அழகியல் வழியும் அறவழியும் ஆகும் என இது நிறுவ முற்படுகிறது.

திறவுச் சொற்கள்: ஸ்டாப் மோஷன், அசைவூட்டம், தோற்பாவை நிழற்கூத்து, விளாச்சேரி, மாற்று உருவ முறை, தனிநிலைக் குறும்படம்.

முன்னுரை

தமிழில் திரைப்பட ஆய்வு பெரிதும் கதைப்படத்தைச் சார்ந்தே வளர்ந்துள்ளது. ஆவணப்படம் ஓரளவு கவனம் பெற்றது. சோதனைக் குறும்படமும் அசைவூட்டக் குறும்படமும் அந்த அளவுக்குக்கூடப் பேசப்படவில்லை. அவை தொழில்நுட்பப் பயிற்சிக்கு உரியவை, இலக்கிய ஆய்வுக்கு உரியவை அல்ல என்னும் எண்ணம் இதற்கு ஒரு காரணம். எனினும், உயிரற்ற ஒன்று உயிருடையதுபோல் இயங்குவது பற்றிய சிந்தனை தமிழ் மரபுக்குப் புதிதன்று.

இக்கட்டுரை களஆய்வு முடிவுகளை முன்வைப்பதன்று. பதிவாகியுள்ள படைப்புகளையும் தொழில்முறைகளையும் ஒப்பிட்டு ஒரு கருத்தை முன்வைப்பதே இதன் எல்லை.

பாவையும் கயிறும்

திருக்குறளில் மரப்பாவை இரண்டு இடங்களில் உவமையாகிறது. நாணுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறள் (1020), உள்ளத்தில் நாணமில்லாதவரின் இயக்கத்தைக் கயிற்றால் இயங்கி உயிருள்ளதுபோல் மயக்கும் மரப்பாவைக்கு ஒப்பிடுகிறது. இரவு அதிகாரத்தின் குறள் (1058), இரப்போர் இல்லாத உலகின் இயக்கத்தை மரப்பாவை சென்று வருவதற்கு ஒப்பிடுகிறது. இரண்டிலும் பாவையின் அசைவு உயிரின் அசைவுக்கு ஈடாகக் கருதப்படவில்லை. முதற்குறள் கயிற்றையும் சேர்த்தே சுட்டுகிறது. மயக்கம் உண்டு, அம்மயக்கத்தை உண்டாக்கும் கருவியும் கண்முன் உண்டு.

அனிமேஷன் என்னும் சொல் உயிரைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது. தமிழில் வழங்கும் அசைவூட்டம் என்னும் சொல் உயிர் தருவதாக உரிமை கொண்டாடவில்லை. அசைவை ஊட்டுவதாக மட்டுமே சொல்கிறது. ஊட்டம் என்றால் ஊட்டுவோர் ஒருவர் உண்டு. பொருளை மட்டுமன்றி அதை இயக்குபவரையும் நினைவூட்டும் இச்சொல், இக்கட்டுரையின் வாதத்துக்கு ஒரு தொடக்கப் புள்ளி.

நிழற்கூத்திலிருந்து நிழற்படத்துக்கு

மதுரை, கன்னியாகுமரி உள்ளிட்ட தென்மாவட்டங்களில் மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட மண்டிகர் சமூகத்தினர் தோற்பாவை நிழற்கூத்தை நிகழ்த்தி வந்துள்ளனர். பதப்படுத்திய ஆட்டுத்தோலில் உருவை வெட்டி, துளையிட்டு, வண்ணம் தீட்டி, வெண்திரைக்குப் பின்னால் விளக்கொளியில் இயக்குவர். இராமாயணக் கதை பல இரவுகள் தொடர்ந்து நிகழும். பாவையை ஆட்டுபவரே மாந்தர் பலரின் குரலையும் மாற்றி மாற்றிப் பேசுவார். ஒரே கதைமாந்தரின் வெவ்வேறு நிலைகளுக்கு வெவ்வேறு பாவைகளைப் பயன்படுத்துவதும் உண்டு.

ஜெர்மானியப் படைப்பாளி லோட்டே ரைனிகர் 1926இல் நிறைவு செய்த 'இளவரசர் அக்மதின் சாகசங்கள்' நிழலுருக்களைக் கொண்டே ஆக்கப்பட்ட முழுநீள அசைவூட்டப் படம். அட்டையையும் மெல்லிய ஈயத் தகட்டையும் வெட்டி, மூட்டுகளைக் கம்பியால் இணைத்து, கீழிருந்து ஒளியூட்டிய கண்ணாடி மேசையில் வைத்துச் சட்டகம் சட்டகமாக அவர் நகர்த்தினார். நிழற்கூத்துக்கும் இதற்கும் உள்ள உறவு வெளிப்படை. வேறுபாடும் அவ்வளவு வெளிப்படையே. கூத்தில் கை திரைக்குப் பின்னால் நிகழ்வு முழுவதும் இருக்கிறது. பாவை லேசாக நடுங்கும்போதும் திரையை நெருங்கி விலகும்போதும் பார்வையாளர் அக்கையை உணர்கிறார். படத்திலோ கை நகர்த்திவிட்டு விலகிய பிறகே சட்டகம் பதிவாகிறது. கூத்தில் மறைந்தும் உடனிருக்கும் கை, படத்தில் அகற்றப்பட்ட கையாகிவிடுகிறது.

ஃபால்கேயின் பட்டாணிச் செடி

இந்தியாவில் சட்டகம் சட்டகமாகப் படமாக்கும் முறை கதைப்படத்துக்கு முன்பே தோன்றிவிட்டது. தாதாசாகிப் ஃபால்கே 1912இல் இலண்டனிலிருந்து ஒளிப்பதிவுக் கருவியுடன் திரும்பியபின், தொட்டியில் விதைத்த பட்டாணி முளைத்துச் செடியாவதை நாளுக்குச் சிறிதாகப் பதிவு செய்து ஒரு சிறு படமாக்கினார். அதைக் காட்டியே முதலீடு திரட்டினார். 'ராஜா ஹரிச்சந்திரா' 1913 மே 3 அன்று வெளியாயிற்று. பின்னர் 1915இல், தீக்குச்சிகள் தாமே நகர்ந்து உருவங்களாக அமையும் 'அக்காட்யாஞ்சி மௌஜ்' என்னும் குறும்படத்தையும் ஆக்கினார்.

இதில் இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. முதலாவது, பட்டாணிப் படத்துக்குத் தேவைப்பட்டது பெரும் பொருளன்று, காலமே. படப்பிடிப்புத் தளமோ நடிகரோ இல்லை. தொட்டியும் கருவியும் பொறுமையும் இருந்தன. தனிநிலைப் படைப்பாளியின் பொருளியல் இதுவே: பணத்தின் இடத்தைக் காலம் நிரப்புகிறது. இரண்டாவது, அக்காலத்தின் ஒரு பகுதியைத் தந்தவர் பெயர் படத்தில் இல்லை. ஃபால்கேயின் மனைவி சரஸ்வதிபாய் படச்சுருளுக்குத் துளையிடுவதிலும் அதைக் கழுவுவதிலும் உழைத்தார் என்பது வரலாற்றில் பதிவாகியுள்ளது. திரையில் அவருடைய உழைப்புத் தெரியாது. கை அகற்றப்படுவது தொழில்நுட்ப நிகழ்வு மட்டுமன்று என்பதற்கு இது தொடக்கச் சான்று.

ஓவியரே பாவையாதல்

1948இல் நிறுவப்பட்ட ஃபிலிம்ஸ் டிவிஷன் அரசின் செய்திகளைச் சொல்லும் நிறுவனமாகவே அறியப்பட்டது. எனினும் 1960களின் பிற்பகுதியில் ஜஹாங்கீர் பௌனகரியின் ஊக்கத்தால் அங்குச் சோதனைப் படங்களுக்கும் இடம் கிடைத்தது. செக் நாட்டுப் பாவைப்பட மேதை யிர்ஷி திருன்காவிடம் பயின்ற பிரமோத் பதி 'எக்ஸ்புளோரர்' (1968), 'ஆபித்' (1972) முதலிய படங்களை இச்சூழலில் ஆக்கினார்.

'ஆபித்' படத்தில் ஓவியர் ஆபித் சுர்தி ஓர் அறையைத் தம் ஓவியங்களால் நிறைக்கிறார். இதில் பொம்மை இல்லை. ஓவியரின் உடலே சட்டகம் சட்டகமாக நிலைமாறுகிறது. பிக்சிலேஷன் எனப்படும் இம்முறையைக் கனடாவின் நார்மன் மெக்லாரன் 'நெய்பர்ஸ்' (1952) படத்தில் போரின் மடமையைக் காட்டக் கையாண்டார். பதி அதைப் படைப்புச் செயலை நோக்கித் திருப்பினார். வழக்கமாகச் சட்டகத்துக்கு வெளியே நிற்கும் ஆக்குநர் இங்குச் சட்டகத்துக்குள் வந்துவிடுகிறார். வரைபவரும் நகர்த்தப்படுபவரும் ஒருவரே. கையை மீண்டும் காட்சிக்குள் கொணர்வது சோதனைப் படத்தின் இயல்பான வழிகளுள் ஒன்று என்பது இதனால் தெளிவாகும்.

விளாச்சேரி அச்சும் மாற்று உருவ முறையும்

மதுரையின் தென்மேற்கே, திருப்பரங்குன்றத்தை ஒட்டியுள்ள விளாச்சேரி, கொலுப் பொம்மைகளுக்கும் விநாயகர் உருவங்களுக்கும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளுக்கும் பெயர்பெற்ற ஊர். களிமண்ணையோ காகிதக்கூழையோ அச்சில் அழுத்தி, முன்பாதியையும் பின்பாதியையும் ஒட்டி, உலர்த்தி, மண் பொம்மையாயின் சூளையில் சுட்டு, வண்ணம் தீட்டுவது பொதுவான முறை.

ஸ்டாப் மோஷனில் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, உள்ளே கம்பி எலும்புக்கூடு அமைந்த ஒரே பொம்மையை வளைத்து வளைத்து நகர்த்துவது. மற்றொன்று, ஒவ்வொரு நிலைக்கும் தனிப் பொம்மை செய்து ஒன்றை எடுத்து மற்றொன்றை வைப்பது. இரண்டாவதை மாற்று உருவ முறை எனலாம். அமெரிக்காவில் ஜார்ஜ் பால் மரப்பொம்மைகளைக் கொண்டு இம்முறையைப் பெரிய அளவில் கையாண்டார். நிலைக்கொரு பாவை வைத்திருக்கும் நிழற்கூத்து மரபும் இதற்கு நெருங்கிய உறவுடையது.

விளாச்சேரியின் அச்சு இம்முறைக்கு மிகவும் பொருந்துகிறது. அச்சு ஒரே உடலைப் பலமுறை தரும். மண் ஈரம் சற்றே குறைந்து பதமாக இருக்கும்போது கால்களையும் கைகளையும் மட்டும் மாற்றி அமைக்கலாம். நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும் படத்தில் ஒவ்வொரு நிலையையும் இருமுறை பதிவு செய்தால் நொடிக்கு 12 நிலைகள் தேவை. இரண்டு எட்டுகள் கொண்ட ஒரு நடைச் சுற்றை ஒரு நொடியில் அமைத்தால் 12 பொம்மைகள் போதும். அவற்றையே திரும்பத் திரும்ப வைத்து எவ்வளவு தொலைவும் நடக்கவைக்கலாம். மதுரைக் கோடை வெப்பத்தில் எண்ணெய்க் களிமண் இளகிவிடும். சுட்ட மண் இளகாது. வளைக்க இயலாமை குறையாகத் தோன்றலாம்; மாற்று உருவ முறையில் அதுவே உறுதியாகிறது.

இங்குதான் கையின் சுவடு மீள்கிறது. அச்சு உடலை ஒன்றாக்கினாலும் தூரிகை ஒன்றாக்காது. பன்னிரண்டு பொம்மைகளின் கண்மையும் சேலைக் கரையும் மயிரிழை அளவேனும் வேறுபடும். அவை தொடர்ந்து ஓடும்போது உருவின் மேற்பரப்பு மெல்லத் துடிக்கும். தொழில்முறை ஸ்டுடியோ இதைப் பிழையெனக் களையும். 1933இல் வெளியான 'கிங் காங்' படத்தில் குரங்கின் மயிர் சட்டகத்துக்குச் சட்டகம் கலைந்து அசைவது நகர்த்தியவரின் விரல்கள் பட்டதால்தான். ஆனால் பார்வையாளருக்கு அது விலங்கின் சிலிர்ப்பாகவே தோன்றிற்று. தூரிகையின் துடிப்பையும் அவ்வாறே ஏற்கலாம். குறள் சுட்டும் கயிறு இங்கு வண்ணக்கோடாகத் தெரிகிறது.

காலம், ஒளி, ஊதியம்

மூன்று நிமிடக் குறும்படம் 180 நொடிகள் கொண்டது. நொடிக்கு 12 நிலைகள் எனில் 2,160 நிலைகள். ஒரு நிலைக்கு ஒரு நிமிடம் எனக் கொண்டாலும் 36 மணிநேரம் ஆகும். அக்காலம் முழுவதும் ஒளி மாறாதிருக்கவேண்டும். சன்னலொளி மணிக்கு மணி மாறும்; மின்னழுத்த ஏற்றத்தாழ்வு விளக்கின் ஒளிர்வை மாற்றும். ஆகவே இருட்டடித்த அறை, நிலையான விளக்கு, தானியங்கி அமைப்புகளை நிறுத்திய கேமரா ஆகியவை அடிப்படைத் தேவைகள். முந்தைய சட்டகத்தை மங்கலாகக் காட்டும் செயலிகள் இன்று கைபேசியிலேயே கிடைப்பதால் கருவிச் செலவு பெரிதும் குறைந்துவிட்டது.

குறையாதது பொம்மையின் விலை. குறைக்கக் கூடாததும் அதுவே. கடையில் விற்கும் கொலுப் பொம்மையில் செய்தவர் பெயர் இருப்பதில்லை. 12 பொம்மைகளை அப்படியே வாங்கிப் படமாக்கி, இயக்குநர் பெயரை மட்டும் இட்டால், கலைஞரின் கை இரண்டாம் முறையும் அகற்றப்படுகிறது. நிலைகளைக் கலைஞரோடு அமர்ந்து வகுத்தல், பண்டிகைக்காலப் பணிகளுக்கு இடையூறின்றி வெயில் கிடைக்கும் மாதங்களைத் தேர்தல், சில்லறை விலையன்றிக் கூலி பேசி ஊதியம் தருதல், பெயர்ப்பட்டியலில் உரு அமைத்தவரையும் வண்ணம் தீட்டியவரையும் தனித்தனியே குறித்தல் ஆகியவை இதற்கு மாற்று.

காண்போர் அரங்கு

மதுரைக்கு இத்தகைய படங்களைக் காணும் பழக்கமும் உண்டு. ஆர். பி. அமுதன் நிறுவிய மறுபக்கம் அமைப்பு 1998 முதல் மதுரையில் ஆவணப்பட, குறும்பட விழாவை நடத்தி வந்துள்ளது. அமுதன் 2003இல் ஆக்கிய 'பீ' என்னும் ஆவணப்படம் மதுரையில் ஒரு பெண் தூய்மைப் பணியாளரின் வேலையை விலகாமல் பின்தொடர்கிறது. நகரம் காண விரும்பாத கையைச் சட்டகத்தின் நடுவே நிறுத்தியதே அதன் ஆற்றல். அசைவூட்டமும் ஆவணப்படமும் எதிரெதிர் வடிவங்களாகக் கருதப்படுகின்றன. உழைக்கும் கை சட்டகத்துக்குள் இருக்கிறதா, வெளியே நிற்கிறதா என்னும் கேள்வி இரண்டுக்கும் பொதுவானது. 'பீ' அதற்கு ஆவணப்பட வழியில் விடை கண்டது. அசைவூட்ட வழியில் விடை காண்பது இனிவரும் படைப்பாளியின் பணி.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து பெறப்படும் முடிவுகள் மூன்று. ஒன்று, பாவையின் அசைவை உயிரெனக் கொள்ளாமல் அதன் கயிற்றையும் சேர்த்து நோக்கும் பார்வை தமிழ் மரபில் உள்ளது. அசைவூட்டக் கோட்பாட்டுக்கு அது உரிய பங்களிப்பாக அமையும். இரண்டு, விளாச்சேரியின் அச்சுமுறை மாற்று உருவ அசைவூட்டத்துக்கு இயல்பாகவே பொருந்துகிறது. அதன் தூரிகை வேறுபாடு களையவேண்டிய பிழையன்று, படத்தின் மொழி. மூன்று, அம்மொழியைப் பயன்படுத்தும் படைப்பாளி அதற்குரியவரின் பெயரையும் ஊதியத்தையும் மறைக்கலாகாது. பெயரை மறைத்துக் கையின் சுவட்டை மட்டும் அழகாகக் காட்டும் படம், கயிற்றைக் காட்டிக் கயிறு பிடித்தவரை மறைக்கும் படமாகிவிடும்.